எழுத்தைப் படமாக்கிய ஊர்

பெங்களூரு அவென்யூ ரோட்டை ஒட்டிய சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. வாசகத்தை வீட்டிலேயே அடித்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வரும் வாடிக்கையாளரிடம் டிடிபி ஆபரேட்டர் முகூர்த்த நேரத்தையோ மணமகன் பெயரையோ முதலில் கேட்பதில்லை. "கர்வ் பண்ணிட்டீங்களா சார்?" என்றுதான் கேட்கிறார். கேள்வி கன்னடத்தில் வரும், தமிழில் வரும், உருதுவிலும் வரும். கர்வ் மட்டும் எல்லா மொழியிலும் கர்வ்தான்.

கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்துகளைத் தேர்ந்து ஒரு கட்டளை கொடுத்தால், அவை எழுத்தாக இருப்பதை விட்டு வளைகோடுகளால் ஆன ஓவியமாகிவிடுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலும் இனி அவை உருக்குலையாமல் அச்சாகும். ஆனால் மாப்பிள்ளையின் இனிஷியல் தப்பாக இருந்தால் அந்தக் கோப்பில் திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தேடிப் போகவேண்டும். கர்வ் பண்ணிய கோப்பைக் கணினியில் தேடினால் ஒரு சொல்கூட அகப்படாது. அதில் இருப்பதெல்லாம் படம்.

எழுத்தைப் படமாக்கி அச்சுக்கு அனுப்பும் இந்தப் பழக்கம் இந்திய மொழிகளுக்கு வாய்த்த தனி வரலாறு. கணினியோடு வந்த அச்சு இயந்திரங்களுக்கு ரோமன் எழுத்தும் எண்ணும்தான் தெரியும். கன்னடமோ தமிழோ காகிதத்தில் விழவேண்டுமென்றால் அது படமாகத்தான் போகவேண்டியிருந்தது. அதனால், மேலைநாட்டில் வரைகலைக்காரர்கள் மட்டும் தலையைப் பிய்த்துக்கொண்ட அச்சு அமைப்புகளோடு இங்கே ஒரு பக்க மனு அடிக்கும் குமாஸ்தாவும் மல்லுக்கட்டினார். கணினி அதிகம் புழங்கிய பெங்களூரில் இந்தக் கூத்து நெடுநாள் நடந்தது.

அதற்கு முன்னால் எழுத்தும் படமும் வேறு வேறு சாதி. எழுத்து ஈயம், அது கம்பாசிட்டரின் கையில் இருந்தது. படம் துத்தநாகத் தகடு. அது பிளாக் மேக்கரின் வேலை. பெங்களூரு வெஸ்லியன் மிஷன் அச்சகம் 1849இல் ஜான் காரெட் பதிப்பித்த பகவத் கீதையை வெளியிட்டது. சமஸ்கிருதம், கன்னடம், ஆங்கிலம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பத்தியாக அடுக்கிய புத்தகம் அது. 1858இல் வில்லியம் ரீவின் கன்னட அகராதியை டேனியல் சாண்டர்சன் திருத்தியபோது அதுவும் அங்கேதான் அச்சானது. 1916இல் தொடங்கிய பெங்களூர் பிரஸ், வீட்டுக்கு வீடு தொங்கும் நாள்காட்டியால் பேர் பெற்றது. சி.வி. ராமன் 1934இல் இந்திய அறிவியல் கழகத்தைத் தொடங்கியபோது அதன் ஆய்விதழை அடித்துக் கொடுத்ததும் அந்த அச்சகமே. அதில் வந்த வரைபடங்கள் ஒவ்வொன்றும் பிளாக்காக வெட்டப்பட்டு, ஈய எழுத்துகளுக்கு நடுவே முடுக்கப்பட்டவை. கட்டுரையாளர் கோடு போட்டால் போதும். அது எந்த அளவில், எவ்வளவு கறுப்பில் விழவேண்டும் என்பதை பிளாக் மேக்கர் பார்த்துக்கொண்டார்.

கணினி வந்ததும் இந்தப் பிரிவினை உடைந்தது.

1970களில் இந்திய அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஓடிய பெருங்கணினிகளோடு வந்தவை லைன் பிரிண்டர்கள். ஒரு வரிக்கு 132 எழுத்து, அங்குலத்துக்குக் கிடையாகப் 10 எழுத்து, நெடுக்காக 6 வரி. படம் போடும் வசதி அவற்றில் அறவே இல்லை. இருந்தும் உலகெங்கும் கணினிக் கூடக்காரர்கள் அதில் படம் போட்டார்கள். எக்ஸ், ஓ, நட்சத்திரம், புள்ளி ஆகியவற்றை அடுக்கி நிழலும் ஒளியும் காட்டினார்கள். அடர்ந்த கறுப்பு வேண்டுமென்றால் காகிதத்தை நகர்த்தாமல் ஒரே வரியின்மேல் இரண்டு மூன்று முறை அடித்தார்கள். இதில் ஒரு வில்லங்கம்: 10க்கு 6 என்ற விகிதத்தால் கணக்கில் வட்டமாக இருப்பது காகிதத்தில் நெட்டையாக நீளும். அதைச் சரிக்கட்ட முன்கூட்டியே படத்தை நசுக்கித் தரவேண்டும். கணினி வரைகலைக்கு அச்சு அமைப்பு செய்யும் வேலையின் பாலபாடம் இந்த நசுக்கல்தான்.

அடுத்தது டாட் மேட்ரிக்ஸ் காலம். இதில் கர்நாடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சமையல் எண்ணெயில் தொடங்கிய விப்ரோ 1980களின் தொடக்கத்தில் பெங்களூரில் கணினித் தொழிலுக்குள் நுழைந்தது. பிரிண்டரும் விற்றது, அந்தப் பிரிவுதான் 2000இல் பிரிந்து வெப் என்ற தனி நிறுவனமாயிற்று, மைசூரில் பிரிண்டர் செய்தது. மதுரையில் வேர்கொண்ட டிவிஎஸ் குடும்பத்தின் டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் பெங்களூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளித் துமகூரில் ஆலை போட்டது. அதன் எம்எஸ்பி 240 வரிசைப் பிரிண்டர் போடும் 'கிர்ர்' சத்தம் கேட்காத வங்கிக் கிளையோ, மருந்து மொத்த வியாபாரியோ அன்று தென்னிந்தியாவில் அரிது. கார்பன் வைத்து மூன்று படி எடுக்க இன்றும் இதைவிட மலிவான வழியில்லை என்பதால், இந்த இயந்திரம் முழுதாகச் சாகவும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் இலக்கணம் வகுத்தது ஜப்பானின் எப்சன் 1980இல் கொண்டுவந்த எம்எக்ஸ்-80. ஒரு நிரையில் 9 ஊசி. ஊசிக்கும் ஊசிக்கும் இடையே அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. ரோமன் எழுத்தை இந்த 9 ஊசி ஒரே ஓட்டத்தில் அடித்துவிடும். கன்னடம் அப்படி அடங்காது. 'கிருஷ்ண' என்று கன்னடத்தில் எழுத, 'ஷ'வின் காலடியில் 'ண' தொங்கவேண்டும். அந்த ஒத்தக்ஷரத்துக்குத் தனித் தளம் வேண்டும். மேலே உயிர்க்குறிக்கு இன்னொரு தளம் வேண்டும். தமிழுக்கு இந்தத் தொல்லை குறைவு. நமக்குக் கீழே தொங்கும் கூட்டெழுத்து எதுவுமில்லை, தலைக்கு மேல் ஒரு புள்ளியும் ஒரு விசிறியும் போதும். ஆனாலும் 'ணை'யையும் 'ஞூ'வையும் 9 ஊசிக்குள் அடைக்க முயன்றவர்கள் அதன் பாடு அறிவார்கள்.

ஆகவே எழுத்தைக் கணினியிலேயே புள்ளி புள்ளியாக வரைந்து, பிரிண்டரைப் 'படம் அடி' என்று பணிப்பதே வழியாயிற்று. அதற்கென்று எப்சன் வகுத்த கட்டளைகள் இருந்தன. 'எஸ்கேப் கே' என்றால் அங்குலத்துக்கு 60 புள்ளி. 'எஸ்கேப் எல்' என்றால் 120. முதலாவது வேகம், ஆனால் எழுத்து பல்லிளிக்கும். இரண்டாவது தெளிவு, ஆனால் ஆமை. இதோடு போயிற்றா? பிரிண்டர் வழக்கமாக ஒரு வரி முடிந்ததும் காகிதத்தை அங்குலத்தில் 6இல் ஒரு பங்கு நகர்த்தும். படம் அடிக்கும் 8 ஊசியின் உயரமோ அங்குலத்தில் 9இல் ஒரு பங்குதான். நகர்வை மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு பட்டைக்கும் இடையே வெள்ளைக் கோடு விழுந்து, எழுத்தின் இடுப்பு அறுந்து நிற்கும். 'எஸ்கேப் ஏ 8' என்ற ஒரு கட்டளை அந்தக் காயத்தை மூடியது. இதைக் கண்டுபிடிக்கும்வரை பெட்டி பெட்டியாக வீணான துளைக் காகிதத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

புனேயின் சி-டாக் இந்திய எழுத்துகளுக்காகக் கொண்டுவந்த ஜிஸ்ட் அட்டை இந்தச் சிக்கலின் பெரும்பகுதியைக் கணினிக்கு உள்ளேயே தீர்த்துவைத்தது. அட்டையைச் செருகினால் திரையிலும் காகிதத்திலும் இந்திய எழுத்து வரும். ஆனால் அது அரசு அலுவலகங்களுக்கும் வசதியுள்ள நிறுவனங்களுக்கும் எட்டிய பண்டம். தெருமுனை அச்சகம் காத்திருந்தது லேசருக்காக.

ஹெச்பியின் முதல் லேசர்ஜெட் 1984இல் வந்தது. அடுத்த ஆண்டே ஆப்பிளின் லேசர்ரைட்டர். இரண்டும் அங்குலத்துக்கு 300 புள்ளி. டாட் மேட்ரிக்ஸைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது அச்சகத் தரமாகவே பட்டது. ஆனால் முதல் லேசர்ஜெட்டின் நினைவகம் 128 கிலோபைட்தான். முழுப் பக்கத்தையும் 300 புள்ளியில் படமாக வைத்துக்கொள்ள ஏறத்தாழ 1 மெகாபைட் வேண்டும். ஆங்கிலக் கடிதம் அடிப்பவருக்கு இது பொருட்டே இல்லை, எழுத்துரு பிரிண்டருக்கு உள்ளேயே இருந்தது. பக்கம் முழுவதையும் படமாக அனுப்புகிறவர்தான் மாட்டிக்கொண்டார். 75, 100, 150, 300 என்று நான்கு அடர்த்திகளில் ஒன்றைத் தேர்ந்து, பக்கம் பாதியில் அறுந்து வெளியே வந்தால் ஒரு படி இறங்கவேண்டும். பின்னால் வந்த லேசர்ஜெட்டுகள் நினைவகம் போதாதபோது '20' என்ற எண்ணைக் காட்டி நின்றுவிடும். அதற்குப் பொருள் தெரியாதவர் அந்நாளில் டிடிபி கடை வைத்திருக்க முடியாது.

லேசர்ரைட்டர் வேறு பாதையில் போனது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி பக்கத்தைப் புள்ளிகளாக அனுப்பவில்லை. 'இங்கிருந்து அங்கே இப்படி ஒரு வளைவு' என்று விவரித்து அனுப்பியது. எத்தனை புள்ளியில் அதை வரைவது என்பதைப் பிரிண்டரே முடிவு செய்யும். இதன் விளைவு பெரிது. அதே கோப்பை 300 புள்ளி லேசரிலும் 2400 புள்ளி ஃபிலிம் இயந்திரத்திலும் ஓட்டலாம். இந்திய எழுத்துக்கு இது வரமாக வந்தது. கன்னட எழுத்தின் உருண்டைகளும் தமிழின் சுழிகளும் கணினியில் படிக்கட்டு இல்லாமல் வளைந்தன. சுல்தான்பேட்டையின் கர்வ் பிறந்ததும் இந்த வளைவுகளிலிருந்துதான்.

வரத்தோடு சாபமும் வந்தது. ஒரே பாதையில் புள்ளிகள் மிகுந்துவிட்டால் போஸ்ட்ஸ்கிரிப்ட் இயந்திரம் 'லிமிட்செக்' என்று கைவிரித்துவிடும். பூ வேலைப்பாடு நிறைந்த கல்யாணப் பத்திரிகையும், ஒட்டுமொத்தமாக கர்வ் பண்ணிய நான்கு பத்தியும் சேர்ந்தால் இது நிச்சயம். கோரல்டிரா அச்சுப் பெட்டியில் இதற்கென்றே 'ஃபிளாட்னெஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. அந்த எண்ணை ஏற்றினால் வளைவுகளைச் சிறு சிறு நேர்கோடுகளாகத் தறித்து, இயந்திரத்தின் பாரத்தைக் குறைக்கும். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் கன்னட உருண்டைகள் அறுகோணமாகும். பிள்ளையார் முகத்தில் மூலைகள் முளைத்த பத்திரிகைகளைப் பார்த்தவர்கள், ஆபரேட்டருக்கு அன்று எவ்வளவு அவசரம் இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சிறு அச்சகங்கள் ஃபிலிமுக்குப் போகவில்லை. அவை லேசரிலிருந்து நேரே ட்ரேசிங் தாளில் அடித்துக்கொண்டன. "ட்ரேஸ் எடுத்துட்டு வா" என்ற சொல் பெங்களூரு காட்டன்பேட்டையிலும் சென்னை திருவல்லிக்கேணியிலும் ஒன்றாகவே ஒலித்தது. அந்தத் தாளைப் பிளேட்டின்மேல் கவிழ்த்து வெளிச்சம் காட்டி, மினி ஆப்செட்டில் ஏற்றுவார்கள். கோயம்புத்தூரின் ஆட்டோபிரிண்ட் செய்த மினி ஆப்செட் இயந்திரங்கள் இந்தத் தொழிலைச் சந்து பொந்துகளுக்கெல்லாம் கொண்டுசேர்த்தன. இதில் இரண்டு அமைப்புகள் உயிர்நிலை. ஒன்று 'மிரர்': மை படிந்த பக்கம் பிளேட்டைத் தொடவேண்டும் என்பதால் தாளில் எழுத்து இடவலம் மாறி விழவேண்டும். மறந்தால் ஆயிரம் நோட்டீசும் கண்ணாடியில்தான் வாசிக்கவேண்டியிருக்கும். மற்றொன்று அளவு. லேசரின் சூட்டில் ட்ரேசிங் தாள் சுருங்கும்; அதுவும் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு விதமாக. அதனால் ஒற்றை நிற வேலைக்கு அது சரி, இரண்டு நிறம்வரை கும்பிடு போட்டுச் சமாளிக்கலாம். நான்கு நிறத்துக்கு உதவாது. நான்கு நிறத்தில் ஒரு மயிரிழை விலகினாலும் "ரிஜிஸ்டர் தள்ளிப்போச்சு" என்று மெஷின்மேன் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

நிறம் என்று வந்துவிட்டால், கதை டிடிபி கடையை விட்டு பிராசஸ் கேமராக்காரரிடம் போகவேண்டும். இந்த வரலாற்றில் உரிய மரியாதை கிடைக்காதவர் அவர். ஓர் அறை அளவு பெரிய கேமராவின் முன் புகைப்படத்தை நிறுத்தி, இடையில் கோடிட்ட ஸ்கிரீனை வைத்து, படத்தைப் புள்ளிகளாக உடைப்பது அவர் தொழில். செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 85 கோடு, வழவழப்பான ஆர்ட் தாளுக்கு 150. நான்கு நிறத்துக்கு நான்கு முறை ஸ்கிரீனைச் சாய்க்கவேண்டும்: மஞ்சள் 0 பாகை, சயான் 15, கறுப்பு 45, மஜெண்டா 75. சாய்வு பிசகினால் பட்டுச் சேலையில் நீர்க்கோலம்போல ஓர் அலை படம் முழுக்க ஓடும். செய்தித்தாளில் மை ஊறிப் புள்ளி பெருக்கும் என்பதால், அதற்கு எடுக்கும் ஃபிலிமில் புள்ளியைச் சிறுக்க வைப்பார். இதை எந்தப் புத்தகத்திலும் படித்து அவர் செய்யவில்லை. எந்த அச்சகத்தின் எந்த மெஷின் எவ்வளவு மை குடிக்கும் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபிலிம் இயந்திரங்கள் வந்தபோது அவர் கையில் இருந்தவை எல்லாம் ஒரு பெட்டியில் கட்டங்களாயின. கோணம், கோட்டு எண்ணிக்கை, புள்ளியின் வடிவம், மையின் உச்சவரம்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். அதில் பிழை செய்வது வெகு எளிது, ஏனென்றால் பெட்டி எதையும் மறுக்காது. 300 புள்ளி லேசரில் 60 கோடு கேட்டால் ஒரு புள்ளிக்கு 5க்கு 5 கட்டம்தான் கிடைக்கும். வெள்ளையிலிருந்து கறுப்புவரை மொத்தம் 26 சாயல். அதே லேசரில் ஆசைப்பட்டு 150 கோடு போட்டால் 2க்கு 2, 5 சாயல். முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். 2400 புள்ளி இயந்திரத்தில் 150 கோட்டுக்கு 16க்கு 16 கட்டம் கிடைத்து 256 சாயல் வரும். இந்தச் சிறு வகுத்தல் தெரிந்த ஆபரேட்டருக்கு, ஃபிலிம் எடுத்துத் தரும் அவுட்புட் சென்டர்களில் ராஜமரியாதை இருந்தது. தெரியாதவருக்கோ, படத்தின் அடர்த்தியைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது.

செய்தித்தாள்கள் இதில் முந்தி நடந்தன. பக்கத்தையே படமாக்கி அனுப்பும் முறையை 'தி ஹிந்து' 1969இல் கைக்கொண்டது. சென்னையில் பக்கத்தை வருடி, கம்பி வழியே கோவைக்கு அனுப்பி அங்கே ஃபிலிமாக எடுத்தார்கள். பின்னர் பெங்களூரும் அந்த வலையில் சேர்ந்தது. அதற்கு முன் 1963 முதல் சொந்த விமானத்தில் பேப்பர் கட்டுகளைப் பறக்கவிட்டவர்கள் அவர்கள். விமானம் சுமந்த வேலையை ஒரு படம் சுமந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். அதே பத்திரிகை 1980இல் கணினி உதவியோடு ஒளிக்கோப்புக்கும், 1986இல் செயற்கைக்கோள் வழியே பக்கம் அனுப்புவதற்கும், 1994இல் எழுத்தையும் படத்தையும் ஒரே திரையில் சேர்த்துப் பக்கம் கட்டுவதற்கும் போனது. பெங்களூரின் சொந்தப் பத்திரிகைகளான டெக்கான் ஹெரால்டும் பிரஜாவாணியும் 1948இல் பிறந்தவை. ஈயத்தில் கண் விழித்து இந்த மாற்றங்களை எல்லாம் கடந்தவை. ஊரின் தமிழ் நாளேடான தினச்சுடரும் ஈயக்கோப்புக் காலத்தைக் கண்ட பத்திரிகைதான்.

இதற்கிடையே ஊரின் மறுகோடியில் வேறொரு வகைப் படம் அச்சாகிக்கொண்டிருந்தது. 1940இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948இன் ஐடிஐ, 1953இன் ஹெச்எம்டி, 1954இன் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) என்று பொதுத்துறை ஆலைகள் நிறைந்த நகரம் இது. ஒவ்வொன்றிலும் வரைவு அலுவலகம். ட்ரேசிங் தாளில் மசிப்பேனா. அம்மோனியா வாடையடிக்கும் நகல் அறை. கணினி வரைவு வந்தபின் மசிப்பேனாவைப் பிளாட்டர் பிடித்துக்கொண்டது. ஹெச்பியின் பிளாட்டர் மொழியில் 'எஸ்பி 1' என்றால் முதல் பேனாவை எடு என்று பொருள். ஆட்டோகேடில் கோட்டின் நிறத்துக்கும் பேனாவின் தடிமனுக்கும் முடிச்சுப் போட்டிருப்பார்கள். திரையில் சிவப்பு என்றால் காகிதத்தில் சிவப்பு அல்ல, 0.3 மில்லிமீட்டர் கறுப்பு. இந்த வழக்கம் புரியாமல் தவித்த புதுப் பொறியாளர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. 1985இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூருக்கு வந்து சில்லு வடிவமைப்பைத் தொடங்கியபோது, உலகெங்கும் அந்தத் தொழிலில் சுற்றுகளைப் பாய் அகலத் தாளில் நிறம் நிறமாக அடித்து, தரையில் விரித்து, மண்டியிட்டுச் சரிபார்க்கும் வழக்கம் இருந்தது.

எழுத்துருக்களின் பக்கம் திரும்பினால், கன்னடத்துக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. மங்களூருப் பக்கத்தின் கின்னிகம்பளத்தைச் சேர்ந்த கே.பி. ராவ் ஒலிப்பு முறையில் கன்னட விசைப்பலகை அமைத்தார். அறிஞர் சேடியாப்பு கிருஷ்ண பட்டரின் நினைவாக 'சேடியாப்பு' என்ற மென்பொருளையும் தந்தார். 1998இல் சேஷாத்ரிவாசு சந்திரசேகரன் 'பரஹ'வை வெளியிட்டார். கன்னட கணக பரிஷத்தின் 'நுடி'யை அரசு ஏற்றது. தமிழுக்கு மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்ததைப் போல இவையும் வீட்டுக் கணினிவரை போய்ச் சேர்ந்தன. ஆனால் யூனிகோடு பரவும்வரை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. நுடியில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத அவுட்புட் சென்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கொட்டும். ஆகவே அதே மருந்து: கர்வ் பண்ணு.

அந்த மருந்துக்கு ஒரு விலை உண்டு. முப்பது ஆண்டுகளாகக் கன்னடத்திலும் தமிழிலும் கணினியில் கோத்து அச்சான புத்தகங்களும் மலர்களும் ஏராளம். அவற்றில் பலவற்றின் மூலக் கோப்பு இன்று தேடவோ திருத்தவோ முடியாத படக் குவியல். அச்சு அழகாக விழுந்தது, மொழியின் சேமிப்பு போய்விட்டது. அச்சகக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு அன்று மாலை ஐந்து மணிக்குள் டெலிவரி. நிறுவனங்களும் பதிப்பகங்களும் மூலக் கோப்பைத் தனியே பாதுகாத்திருக்கலாம், பெரும்பாலோர் பாதுகாக்கவில்லை. இதற்கு நேரெதிராக நின்றது கர்நாடக அரசின் 'பூமி' திட்டம். 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, 67 லட்சம் விவசாயிகளுக்கு 15 ரூபாயில் பஹணி என்னும் நிலப் பதிவுச் சீட்டைக் கன்னடத்தில் அச்சிட்டுத் தரும் ஏற்பாடு அது. அங்கே எழுத்து எழுத்தாகவே தரவில் இருந்தது. காகிதத்தில் விழும் நொடியில் மட்டும் படமானது.

படத்தின் ஆட்சி உச்சத்துக்குப் போனது ஃபிளெக்ஸ் பேனரில். பெங்களூரு காந்திநகர் சினிமாக் கொட்டகைகளின் முன் கன்னட நடிகர் ராஜ்குமாருக்கு எழுந்த கட்அவுட்டுகள் கையால் வரைந்தவை. ஓவியர் சாரத்தில் ஏறி, கண்ணுக்கு ஓர் அடி, மூக்குக்கு ஓர் அடி என்று கட்டம் போட்டு வரைவார். 2000த்துக்குப் பிறகு சால்வெண்ட் மையைப் பீய்ச்சும் அகல இயந்திரங்கள் அவரைக் கீழே இறக்கிவிட்டன. சதுர அடிக் கணக்கில் இரவோடு இரவாகப் பேனர் தயார். இங்கே அமைப்புகளின் தர்க்கமே தலைகீழ். கல்யாணப் பத்திரிகைக்கு 300 புள்ளி கேட்ட அதே ஆபரேட்டர், இருபதடிப் பேனருக்கு 72 போதும் என்பார். அவர் சொல்வது சரிதான்: நாற்பதடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அதற்குமேல் தெரியாது. பெரிய விளம்பரப் பலகையென்றால் பத்தில் ஒரு பங்கு அளவில் கோப்பைக் கட்டி, அச்சில் பெருக்குவார்கள். திரையில் பளபளத்த நீலம் காகிதத்தில் ஊதாவாகும் என்பதால், சயானை விட்டு மஜெண்டாவைக் குறைப்பது பாலபாடம். தலைவரின் முகத்தில் கறுப்பு மையைக் குறைத்து மாநிறத்தை ரோஜா நிறமாக்குவது பாடத்தில் இல்லாத பாடம். வாடிக்கையாளர் கேட்காமலே செய்யப்படும் திருத்தம் அது ஒன்றுதான்.

ஃபிளெக்ஸ் நகரத்தையே போர்த்திவிட்டது. 2016 மார்ச்சில் கர்நாடக அரசு பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது ஃபிளெக்ஸ் பேனரும் பட்டியலில் இருந்தது. இருந்தும் பேனர்கள் தொங்கின. 2018 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் மாநகராட்சியைக் கடிந்துகொண்ட பிறகுதான் ஊழியர்கள் ஏணியோடு இறங்கி ஆயிரக்கணக்கில் அறுத்தெறிந்தார்கள். சில நாள் பெங்களூருக்காரர்கள் தங்கள் ஊரின் மரங்களையும் கட்டடங்களையும் மறைப்பில்லாமல் பார்த்தார்கள். பிறகு பேனர்கள் மெல்லத் திரும்பி வந்தன, பிறந்தநாள் வாழ்த்துகளோடு.

இந்த வரலாற்றின் கடைசிக் கண்ணியும் பெங்களூரில்தான் இருக்கிறது. எழுத்தாளர் சுஜாதா வேலை பார்த்த அதே பெல் நிறுவனம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த இயந்திரத்தோடு பின்னாளில் சேர்ந்த விவிபேட் உண்மையில் ஒரு சின்ன வெப்பப் பிரிண்டர். மை கிடையாது, சூட்டில் கறுக்கும் தாள். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் பயன்பட்டது. 2019 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் போனது. வாக்களித்தவுடன் ஒரு சீட்டு அச்சாகி 7 நொடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து, பெட்டிக்குள் விழும். அதில் வரிசை எண், வேட்பாளர் பெயர், சின்னம் மூன்றும் இருக்கும்.

மூன்றையும் சேர்த்து ஒரே பிட்மேப் படமாக்கித்தான் இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். பெயர் எந்த மொழியில் இருந்தாலும் விவிபேட்டுக்கு அது எழுத்தல்ல, புள்ளிகள். எம்எக்ஸ்-80 காலத்தில் பெங்களூரு குமாஸ்தா கண்ட வழிதான் இங்கும். வேறுபாடு ஒன்று உண்டு: அன்று படத்தை யார் ஏற்றினார், எந்த அமைப்பில் ஏற்றினார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது நாடே கேட்கிறது, கேட்கவும் வேண்டும். 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபாங்கர் தத்தாவும் அளித்த தீர்ப்பு, காகித வாக்குச்சீட்டுக்குத் திரும்பும் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை ஏற்றும் கருவிகளை, வேட்பாளர்களின் கையொப்பத்தோடு பெட்டியில் முத்திரையிட்டு, முடிவு அறிவித்த பிறகும் குறைந்தது 45 நாள் காப்பறையில் வைத்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.